வேதமாணிக்கத்தின் பறக்கும் நாள்

"ஹலோ, வேதமாணிக்கம் சாருங்களா?"

"சார் இல்லம்மா. செத்துட்டாரு" என்றார் சாம்ராஜ். சொல்லிக்கொண்டே, பந்தல்காரரைப் பார்த்து, கம்பை இன்னும் கொஞ்சம் கிழக்கே நடும்படி கையைக் காட்டினார்.

காலையிலிருந்து இது பதினான்காவது அழைப்பு. முதல் மூன்று பேரிடம் 'காலமாயிட்டாங்க' என்றார். அடுத்த நாலு பேரிடம் 'தவறிட்டாங்க' என்றார். பத்தைத் தாண்டியதும் சொல்லில் இருந்த மரியாதை தேய்ந்து போய்விட்டது. இறந்து நாலு மணி நேரம் ஆகவில்லை, அண்ணனுடைய போன் இப்படி அலறுகிறது. அணைத்துப் போடலாமென்றால் வெளியூரிலிருக்கும் தங்கச்சி மதலேனம்மாளுக்கு இந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம். ரயிலில் ஏறிவிட்டாளா, எந்த ஸ்டேசனில் இருக்கிறாள் என்று அவள் இதில்தான் கூப்பிடுவாள்.

"செத்துட்டாரா? அய்யோ. அப்போ நாளைக்கு எம் பிள்ளைய எத்தன மணிக்குக் கூட்டிட்டு வரணும்?"

"கூட்டிட்டே வராண்டாம். எல்லாம் கேன்சல்."

பட்டென்று வைத்தார். தொழில்முறையில் சாம்ராஜ் மோட்டார் காயில் கட்டுபவர். எரிந்துபோன கம்பியைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, புதுக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுகிற மனுசன். அந்தப் பொறுமையெல்லாம் கடையோடு சரி. அண்ணன் விசயத்தில் அவருக்கு எட்டு வருசமாகவே எரிச்சல்தான்.

வேதமாணிக்கம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்று, தம்பி வீட்டு மாடியறையில் இருந்தார். ஐம்பத்தெட்டாவது வயதில் யாரோ கூப்பிட்டார்களென்று, கயத்தாறு ரோட்டுக்குத் தெற்கே இருக்கும் பழைய ஓடுதளத்துக்குப் போனார். மதுரையிலிருந்து வந்த ரெண்டு சீட்டு விமானத்தில் எட்டு நிமிசம் பறந்தார். "அன்னைக்கு ஏறினவன்தான், இன்னும் எறங்கல" என்பார் சாம்ராஜ். அதற்குப் பிறகு வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'பறக்கும் நாள்'. சம்பளம் கிடையாது, சங்கமும் கிடையாது. ஆறு பெரிய மனுசர்கள் ஆரஞ்சு கலர் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசுக்கும் பருத்திக்காட்டுக்கும் போகிற சனங்களின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு எட்டு நிமிசம் வானத்தைக் காட்டுவார்கள். இந்த வருசம் முப்பத்தொரு பிள்ளைகள். அந்தப் பெற்றவர்கள்தான் இப்போது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பந்தலின் கடைசிக் கம்பு நடுவதற்குள் கொம்பையாவும் பூவனலிங்கமும் வந்து நின்றார்கள். கொம்பையா ரயில்வேயில் தண்டவாளத்தைப் பார்த்து நடந்தே வேலை முடித்தவர். பூவனலிங்கத்துக்கு மாவு மில். ரெண்டு பேர் மேலும் அந்த ஆரஞ்சு சட்டை.

"துட்டிக்கு வாரவிய அதைக் கழட்டிட்டு வரப்படாதா?" என்றார் சாம்ராஜ்.

கொம்பையா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அது மேலே கிடப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. கழற்றாமலே கேட்டார். "அண்ணாச்சி, கேன்சல்னு சொல்லிட்டியளாமே?"

"ஆமா. பின்ன?"

"நாளைக்கு ஒரு நாளைக்குத்தான் பெர்மிசன். எட்டு மாசம் ஆபீசு ஆபீசா நடந்து அவுக வாங்கினது. விட்டா இனி அடுத்த வருசம்தான். அதுவும் கேட்டு நடக்க ஆளு வேணும்."

"என்ன பேசுதீரு வே? எங்க அண்ணன் நடுவீட்டுல கெடக்கான். நீங்க அங்கன பிளேன் விட்டு விளையாடுவியளா?"

"அடக்கம் நாளைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குத்தான? நாங்க மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள முடிச்சிருவோம்" என்றார் பூவனலிங்கம். நல்ல மனுசர், எதை எங்கே சொல்ல வேண்டுமென்று மட்டும் தெரியாது. "வேலையும் ஒண்ணும் பாக்கியில்ல அண்ணாச்சி. இவரு அவுகளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும், மீதியை நாங்க முடிச்சிட்டுத்தான் வந்தோம்."

"எந்த மீதியை?"

"கல்லு பொறுக்குறத."

பறக்கும் நாளுக்கு முந்தின காலையில் ஆறு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு வாளியுடன் ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார்கள். கல், ஆணி, வேலிக்கருவை முள், ஆட்டுக்காரன் போட்ட பாட்டில் மூடி, எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். சின்னக் கல் தெறித்து விமானத்தின் விசிறியில் பட்டால் போதும், அவ்வளவுதான். அந்த நடையின் பாதியில், காலை ஆறு நாற்பதுக்கு, வேதமாணிக்கம் கல்லெடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

"மனுசன் விழுந்து கெடக்கான். நீங்க வாளியத் தூக்கிட்டுக் கல்லு பொறுக்கியிருக்கிய?"

"பாதியில விட்டா எங்கன விட்டோம்னு மறந்துரும், திரும்ப முதல்ல இருந்து நடக்கணும்னு அவுகதான் சொல்லுவாக." பூவனலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. "நாங்க அழுதுகிட்டேதான் பொறுக்கினோம்."

சாம்ராஜ் பந்தல்காரரைத் திட்டினார். கம்பு கோணலாம்.

*

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் அதிகமானது. அவ்வளவு பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. கடம்பூரிலிருந்து பத்து வருசமாக எட்டிப் பார்க்காத சித்தப்பா மகன் தவசி கூட வந்திருந்தார். எல்லோரும் நேரே ஐஸ் பெட்டியருகில் போனார்கள், கண்ணாடிமேல் குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள், எதையோ எதிர்பார்த்து ஏமாந்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

தவசி அவரைத் தனியே கூப்பிட்டார். "ஏன் சாம்ராசு, காயம் ஒண்ணையும் காணோமே? முகமெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"நெஞ்சுவலிக்கு எங்க காயம் வரும்?"

"நெஞ்சுவலியா? பிளேன் விழுந்து எரிஞ்சுபோச்சுன்னாவளே."

"எவன் சொன்னது?"

தவசி போனை நீட்டினார். பறக்கும் நாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கொம்பையா காலையில் போட்ட செய்தி, ஊர் முழுக்கச் சுற்றி அவருக்கும் வந்திருந்தது. படத்தில் வேதமாணிக்கம் குட்டி விமானத்தின் இறக்கையில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். விமானத்தையும் சேர்த்து ஒரு மாலை வரைந்திருந்தது. கீழே, இன்று காலை ஓடுதளத்தில் காலமானார் என்று இருந்தது. அதற்கும் கீழே, நாளைய நிகழ்ச்சி வழக்கம்போல் நடைபெறும்.

"வேற படமே கிடைக்கலியா வே ஒமக்கு?" பந்தலுக்குள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கொம்பையாவிடம் பாய்ந்தார் சாம்ராஜ்.

"எங்ககிட்ட அவுக படம் எல்லாமே பிளேனோடதான் இருக்கு, அண்ணாச்சி."

அது உண்மையாகத்தான் இருக்கும். கல்யாணம் காட்சி எதிலும் அந்த மனுசன் போட்டோவுக்கு நின்றதில்லை.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளே வேறு தினுசு. பிள்ளையை அனுப்பவில்லை, பேரை அடித்துவிடுங்கள், நல்லவேளை நாளைக்கு விழவேண்டியது இன்றைக்கே விழுந்தது. நியாயமாகப் பார்த்தால் சாம்ராஜ் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அவர் கேட்டதும் அதுதானே? ஆனால் நாலாவது ஆள் "எமன் பிளேனு" என்றபோது அவருக்குத் தலைக்கேறிவிட்டது. வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்று கத்தினார்.

"எந்தப் பிளேனு? பிளேனு மதுரையில நிக்கி. நாளைக்குத்தான் வருது. வராத பிளேன்ல இருந்து எப்படிய்யா விழுவான்? கீழ குனிஞ்சு கல்லு பொறுக்கும்போது போனான். ஒம்ம பிள்ளைக்குத்தான் பொறுக்கினான், கேட்டீரா?"

பெட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மனைவி ஜெபக்கனி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "துட்டி வீட்டுல இப்படியா சத்தம் போடுவிய? பாஸ்டர் வந்து உட்காந்திருக்காரு."

"நீ சும்மா கெட."

மறுபடியும் போன் அடித்தது. பேசியவள் செல்வமாரி, தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். அவள் மகள் பேர் பட்டியலில் ஏழாவது. அவளிடமும் அதே மதுரைக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

செல்வமாரி முழுவதையும் கேட்டாள். பிறகு நிதானமாக, "அப்போ பயமில்லைங்கிய" என்றாள்.

"பயமில்ல. எட்டு வருசமா ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? கேட்டுப் பாரு."

"அப்போ நாளைக்கு ஒங்க மக ஏறுதா?"

சாம்ராஜ் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"இல்ல அண்ணாச்சி, ஒண்ணும் நினைச்சுக்கிடாதிய. எல்லாத்துக்கும் பயந்தான இருக்கு? போன வருசமே நான் சார்ட்ட கேட்டேன், ஒங்க வீட்டுப் பிள்ளை ஏன் ஏறலன்னு. அதுக்குக் காதுவலி, மேல போனா ஆகாதுன்னாக."

"காதுவலியா?"

"அப்படித்தான் சொன்னாக. இப்போ சரியாயிட்டா?"

பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்.

மகள் ஆஸ்லினுக்குப் பதினைந்து வயது. ஒருநாளும் காது வலித்ததில்லை. மூன்று வருசமாக அண்ணன், பிள்ளையை ஏற்றச் சம்மதமென்று பெற்றவர் கையெழுத்துப் போடும் படிவத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். மூன்று வருசமும் சாம்ராஜ் அதன்மேல் குழம்புச் சட்டியைத் தூக்கி வைப்பார். "ஒனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஒனக்கு என்ன தெரியும்? எம் பிள்ளைய அந்தத் தகரத்துல ஏத்த மாட்டேன்." போன வருசம் இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அண்ணன் சட்டியை நகர்த்திவிட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டார்.

மாடியறையில் ஆஸ்லின் பெரியப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து தன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே பெயர்ப்பட்டியல். அழுதழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "ஆமா ஆன்ட்டி, ஹார்ட் அட்டாக்தான். பிளேன் இன்னும் வரவே இல்ல."

"ஏட்டி, ஒனக்குக் காதுவலின்னு பெரியப்பா ஊரெல்லாம் சொன்னாராமே. தெரியுமா?"

அவள் போனைத் தாழ்த்தினாள். "தெரியும். யாராவது கேட்டா என்னையும் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

"எதுக்கு?"

"அப்பாவுக்கே நம்பிக்கையில்லன்னு தெரிஞ்சா மத்தவங்களும் பின்வாங்கிருவாங்களாம். அப்புறம்..." அவள் நிறுத்தினாள். "அப்பாவ யாரும் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிரக் கூடாதாம்."

சாம்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே யாரோ கீர்த்தனைப் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்லுகிற சத்தம் கேட்டது. தனக்காக இப்படியொரு பொய்யை வருசக்கணக்கில் சுமந்த ஆளை என்னவென்று திட்டுவது? கிறுக்கன். உயிரோடிருந்தால் இப்போதே நாலு கேட்கலாம்.

"இதுவரைக்கும் எத்தன பேரு வர்றாங்க?"

"ஒம்போது பேரு. மத்தவங்க யோசிக்காங்க."

அவர் படியிறங்கினார். கொம்பையாவைக் கூப்பிட்டு, "படிவம் வச்சிருக்கீரா?" என்றார். கொம்பையா ஆரஞ்சு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். வைத்து எழுத இடமில்லை. "குனியும் வே" என்று சொல்லி, அவர் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா சட்டையின் பட்டையில் இடறி, கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

ஜெபக்கனி தலையிலடித்துக்கொண்டாள். "சவத்த வீட்டுல வச்சிக்கிட்டு மகளப் பிளேன் ஏத்துதியளா? சனம் என்ன சொல்லும்?"

"சனம் காலையில இருந்து சொல்லிட்டுத்தான இருக்கு. இதையும் சேத்துச் சொல்லட்டும்."

பிறகு தெருமுனை வரை நடந்துகொண்டே போன் போட்டார். "செல்வமாரியா? நாளைக்கு ஏழு மணிக்கு மகளக் கூட்டிட்டு வந்துரு. முதல்ல எம் மக ஏறுதா. ஆமா, காது சரியாயிட்டு. நல்லாவே சரியாயிட்டு."

இருட்டும் வரையில் இதையே இருபத்தோரு பேரிடம் சொன்னார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல எரிச்சலாக இருந்தது. ஒருத்தரையும் விடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே கொம்பையா வந்து ஆஸ்லினை பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். அவள் பெட்டியருகில் ஒரு நிமிசம் நின்றாள், அப்பாவைப் பார்த்தாள், போய்விட்டாள். சாம்ராஜ் கிளம்பவில்லை. வருகிறவர்களை வாங்க என்று சொல்ல வீட்டு ஆம்பளை ஒருத்தர் வேண்டும். மதலேனம்மாளின் ரயில் வேறு மூன்று மணி நேரம் தாமதம். ஐஸ் பெட்டிக்காரன் கரண்டு போனால் என்ன செய்வதென்று கேட்டுக்கொண்டிருந்தான். டீக்காரர் சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்துவிட்டார்.

ஏழே முக்காலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில் பம்புசெட்டு ஓடுகிற மாதிரி, பிறகு மெல்ல மெல்ல ஊரை நோக்கி.

"வந்துட்டு, வந்துட்டு" என்று யாரோ கத்தினார்கள். பந்தலில் நாற்காலிகள் இழுபட்டன. தவசி டீ டம்ளரோடு தெருவுக்கு ஓடினார். பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். நேற்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெபக்கனி எல்லோருக்கும் முன்னால் போய், முந்தானையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்தாள். "ஏங்க, வாங்க. ஒங்க மகதான். அந்தா, வேப்பமரத்துக்கு மேல."

வீட்டில் யாரும் இல்லை. சவத்தைத் தனியாக விட்டுப் போகக்கூடாது.

சாம்ராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டியருகில் உட்கார்ந்தார். நேற்றுக் காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார். சத்தம் கூரைக்கு நேர் மேலே வந்தது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

வெள்ளைச் சட்டையின் மேல் அண்ணனின் கைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பத்து விரல் நகங்களிலும் கரிசல் மண் கறுப்பாக அப்படியே இருந்தது. குளிப்பாட்டியவர்கள் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் சாம்ராஜும் பக்கத்தில்தான் நின்றார், காதில் போனை வைத்துக்கொண்டு.

வெளியே கைதட்டுகிறார்கள். விமானம் இன்னொரு சுற்றுக்குத் திரும்பியது. அவர் குனிந்து அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.