வராந்தா வெயில்

புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கலாமா என்ற நகரசபை விசாரணையில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். நோலீனுக்கு முன்னால் பேசிய வாராடா தெருக்காரர்கள், கார் நிறுத்த இடமில்லை, பள்ளிக்கூடம் இப்போதே பிதுங்குகிறது, மழை பெய்தால் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருகிறது என்றெல்லாம் புலம்பிவிட்டு உட்கார்ந்தார்கள். நகரசபைக் குழுவினர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குக் காசா பணமா?

நோலீனுக்குக் காரும் சாக்கடையும் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு வேண்டியது வெயில். கணவன் கிளைவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. ‘சரி’ என்ற ஒரே சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, நீ ஒரு கழுதை என்றாலும் சரி. குளிர்காலத்தில் அந்த வலது கை முஷ்டியாக இறுகிப்போகும். அந்த ஊரில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும்; காலையில் வடக்கு வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, எதிரே பந்து உருட்டி விளையாடும் கிளப்பின் புல்தரைக்கு மேலாகச் சாய்ந்து வரும் வெயிலில் உட்கார வைத்தால்தான் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். அப்போது அவன் முகத்தில் பழைய கிளைவ் வந்துவிட்டுப் போவான். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் அவள் மிச்சப் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புல்தரையில்தான் ஒன்பது மாடிக் குடியிருப்பு எழும்பப் போகிறது. நிழல் எங்கெங்கே விழும் என்று கட்டுகிறவர்களே வரைந்து காட்டிய படத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை, குளிர்காலம் முழுக்க, அவள் வீடு மை கொட்டினாற்போலக் கறுத்துக் கிடந்தது.

“எங்களுக்கு நீங்க எதுவும் தர வேண்டாம். அந்த வெயில மட்டும் விட்டுடுங்க,” என்றாள் நோலீன். “நாலு மாடியோட நிறுத்திக்கச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். மனம் இளகிவிட்டது போலத்தான் இருந்தது. கிளப் நிலம் உறுப்பினர்களுடையதுதானே, விற்கும்போது நீங்கள் யாரும் தடுக்கவில்லையா என்று கேட்டாள். கிளப் கமிட்டிக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் விற்றுவிட்டார்கள் என்று நோலீன் பொரிந்து தள்ளினாள். ஏனோ தெருக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து கிளப் செயலாளர் மெர்வ் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை.

“கோச்சுக்காத நோலீன். முதுகுக்குப் பின்னால ஒண்ணும் நடக்கல. தீர்மானத்த வழிமொழிஞ்சதே நீதானம்மா.”

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கிளைவ் விழுவதற்கு முந்தைய வருடம். கூட்டம் சேர்வதற்காக ஆண்டுக் கூட்டத்தை எப்போதும் வெள்ளிக்கிழமை, இறைச்சித் தட்டுகளைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்கு முன்னால்தான் வைப்பார்கள். கூட்டம் முடிந்தால்தான் குலுக்கல், அதனால் தீர்மானங்கள் பறக்கும். அன்று மெர்வ், உபரி நிலத்தைக் கைமாற்றக் கமிட்டிக்கு அதிகாரம் என்று என்னவோ படித்தார். வழிமொழிய ஆள் இல்லாமல் நின்றது. மேசைமேல் இறைச்சித் தட்டுகள் வேர்த்துக்கொண்டிருந்தன. கிளைவ் அவள் விலாவில் இடித்தான். “கையத் தூக்கித் தொலையேன்டி, கறி கெட்டுடும்.” அவள் தூக்கினாள். அவளைப் பார்த்துத் தெருவே தூக்கியது. எல்லாருக்கும் சரிதானே என்று மெர்வ் கேட்டபோது உரக்க ‘சரி’ என்று சொன்னது கிளைவ்தான். அன்று ஆட்டுக்கறித் தட்டு அவர்களுக்கே விழுந்தது. அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அவன் வீடுவரை ஆடிக்கொண்டே வந்தான்.

தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கிளைவ் வராந்தாவில் இருந்தான். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு தெரீஸ் அவள் முகத்தைப் பார்த்து, கிளம்பிப் போய்விட்டாள். நோலீன் அவன் காலடியில் உட்கார்ந்து வலது கையை எடுத்துக்கொண்டாள். விரல்கள் விரிந்து கதகதவென்று இருந்தன.

“வெயில் போயிடும், கிளைவ்.”

“சரி.”

“நான்தான் கையத் தூக்கினேன். ஒரு தட்டு கறிக்கு உன் வெயில வித்துட்டேன்.”

“சரி,” என்று சிரித்தான்.

வாயில் வந்தபடி அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள்.

“ஒரே ஒரு தடவ, இல்லன்னு சொல்லு கிளைவ்.”

அவன் இடது கையால் தன் விரிந்த வலது கையைத் தூக்கி அவள் கன்னத்தில் வைத்தான்.

“சரி,” என்றான்.