மேலே நிற்பவர்

பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் அவர் குந்தி உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் இந்தக் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவர். இறங்குகிறவன் தன் முடிச்சைத் தானே போடக் கூடாது, மேலே நிற்பவன்தான் போட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் வழக்கம். அது அவருக்கு ஒரு வகையில் சௌகரியமாகவும் இருந்தது. மனைவி சர்க்கரை மாத்திரையை நீட்டும்போதெல்லாம், "எவனோ போட்ட முடிச்சுல தொங்கறேன். இதைத் தின்னு நூறு வயசு இருக்கப் போறேனாக்கும்" என்பார். சிகரெட்டுக்கும், மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீக்கும் அதே பதில்தான். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

போன வாரம் பூட்ஸைக் கழற்றியபோது உள்ளே ரத்தம். காலில் ஆணி ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. இப்படியே போனால் விரல்களை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். "மரத்துப்போன காலை வச்சுக்கிட்டுத் தொங்க வேணாம். இனிமே மேலயே நில்லுங்க" என்றுவிட்டார் மேஸ்திரி.

மனைவிக்கு நிம்மதி. இவருக்குத்தான் எதையோ பறிகொடுத்தது போலிருந்தது. கயிறு போய்விட்டது. காலும் மாத்திரையும்தான் மிச்சம். இனி யார் மேல் பழியைப் போடுவது?

இன்று இறங்க வேண்டியவன் மைத்துனன், அவளுடைய தம்பி. இருமிக்கொண்டே சிகரெட்டை உறிஞ்சினான்.

"நெஞ்சுல கோழி கூவுது. அதை விட்டுத் தொலைக்கக் கூடாதா மாப்ள?"

"யாரு பேசறதுன்னு பாரு. உங்ககிட்ட ஓசி வாங்கிப் பழகினதுதானே மாமா."

"அதனாலதான் சொல்றேன்."

"நீங்க போட்ட முடிச்சுல தொங்கப் போறவன் நான். சிகரெட்டா என்னைக் கொல்லப் போகுது?"

தன் வார்த்தை. இழுத்துச் சொன்ன விதம்கூடத் தன்னுடையதுதான். அவருக்கு அலுப்பாக வந்தது. போட்ட முடிச்சை அவிழ்த்தார்.

"என்ன மாமா, அவுக்கறீங்க?"

"நீயே போடு."

"வழக்கம் அப்படியில்லியே. மேஸ்திரி பாத்தா காதைத் திருகுவாரு."

"நீ போடு. நான் பாத்துச் சொல்றேன்."

மைத்துனன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். இரண்டாவது சுற்றில் சிரிப்பு நின்றது. இழுத்துப் பார்த்தான். அவிழ்த்து மறுபடி போட்டான். விளிம்பு வரை போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"மாமா, இன்னொரு தடவை பாருங்க."

அவர் ஒவ்வொரு சுற்றாக விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பாதி சிகரெட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு அவன் இறங்கினான்.

சட்டைப் பையில் மனைவி வைத்தனுப்பிய மாத்திரை அட்டை மடங்கிக் கிடந்தது. ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல், பல்லால் அட்டையைக் கிழித்தார். தண்ணீர் பாட்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. மாத்திரை நாக்கிலேயே கசந்து கரைந்தது.

கீழே அவன் இருமும்போதெல்லாம் கயிறு அவர் உள்ளங்கையில் அதிர்ந்தது.