முதுகில் இரண்டு விரல்

மனைவியின் முதுகு எதையோ மறைக்கிறது என்று அவனுக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் பட்டது.

பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக் அவன். ஓடி நின்ற சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அந்தக் கையைத்தான் டயர் கடை மாடியில் நடக்கும் ஜோடி நடன வகுப்பில் அவள் முதுகில் வைத்திருந்தான். வியர்வையில் கை வழுக்க, இரண்டு விரலை மட்டும் லேசாகத் தூக்கி வைத்தான். அவ்வளவுதான். அவள் வலப்பக்கமாக அழகாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றாள்.

"ஏன் சுத்துன?"

"நீங்கதானே சுத்த வெச்சீங்க?" அவள் முகம் மலர்ந்திருந்தது. அவன் முறைப்பைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

டீச்சர் சொல்லிக்கொடுத்த சுற்றுக்குக் கையை உயர்த்த வேண்டும், தோளைத் திருப்ப வேண்டும். இரண்டு விரல் சங்கதி பாடத்திலேயே இல்லை. அப்படியானால் எவனோ பழக்கியிருக்கிறான். நெருப்பில்லாமல் புகையுமா?

அந்த வாரம் அவள் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தான். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை ஆறு மணிக்கு மூடும். வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கு வந்தாள். கேட்டால், "சரக்கு வந்துச்சு" என்றாள். அவள் குளிக்கப் போனபோது கைப்பையைக் குடைந்தான். தலைவலி மாத்திரையும் உடைந்த சீப்பும்தான் கிடைத்தன. அதுவும் சந்தேகமாகவே இருந்தது. இவ்வளவு சுத்தமாகவா ஒருத்தி பை வைத்திருப்பாள்?

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். ஜோடியில் ஆட்டத்தை நடத்திச் செல்பவர்கள் மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டிக்கொள்வார்கள். கட்டாதவர்கள் பின்தொடர வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டீச்சர் கை தட்டுவாள், ஜோடி மாறும். அடுத்த ஞாயிறு அவன் நாடாவை வாங்கவில்லை.

"என்ன அண்ணே, இன்னைக்குப் பின்தொடரப் போறீங்களா?" என்றாள் டீச்சர்.

"பொம்பளைங்க படுற பாட்டையும் பாத்துடலாம்னுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

ஒவ்வொருவன் கையாகச் சோதிப்பது என்று வந்திருந்தான். தபால் ஆபீஸ்காரர் மூட்டையைத் தள்ளுவதுபோல் தள்ளினார். 'வாத்து' என்று எல்லாரும் கூப்பிடும் ஓட்டுநர் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்க மச்சான், உன் இடுப்புல பிடிக்க எடமே இல்ல" என்றான். மற்ற இருவரும் அதே ரகம். ஐந்தாவதாக வாட்ச் ரிப்பேர்காரன் வந்தான். ஒல்லி, நகம் வெட்டிய சுத்தமான விரல்கள். பாட்டு பாதி போனதும் முதுகில் இரண்டு விரல் பூப்போல எழுந்து அமர்ந்தன. அவனுடைய தடித்த உடம்பு தானாகவே வலப்பக்கம் சுற்றியது.

"பிடிச்சேன்டா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

"இதை எங்க கத்துக்கிட்டே?"

"இதுவா? உங்க வீட்ல அக்காதான் சொன்னாங்க, முதல் வாரமே. 'இழுக்காதீங்க தம்பி, ரெண்டு விரல் போதும், எனக்குப் புரியும்'னாங்க. எல்லார்கிட்டயும்தான் சொன்னாங்க. மத்தவங்க மறந்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

சொன்னாள். முதல் நாள் படியிறங்கும்போது சொன்னாள். "இருபது வருஷமா கையை வெச்சுப் பொழைக்கிறேன், எனக்கே பாடமா?" என்று அவன் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். நினைவு வந்தது. ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"வியாழக்கிழமை சாயந்திரம் எங்க இருந்தே?"

வாட்ச் ரிப்பேர்காரன் கையை எடுத்துவிட்டான். "அண்ணே, நீங்க ஆட வரலியா?"

கைதட்டல் கேட்டது. நாடா கட்டும் ஆறாவது ஆள் அன்று வரவில்லை. நாடா இல்லாத இரண்டு பேர் மிஞ்சினார்கள், அவனும் அவளும். நடத்த ஆளில்லாமல் எதிரெதிரே நின்றார்கள். மற்ற ஜோடிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"எல்லார் கையையும் பாத்தாச்சா?" அவள் குரல் தாழ்ந்திருந்தது. "என் பையைத் துழாவுனது அன்னைக்கே தெரியும். சீப்பைத் தலைகீழா வெச்சிருந்தீங்க. சரி, என்ன கெடைச்சுது?"

"ஒண்ணுமில்ல."

"வருத்தமா இருக்கா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உள்ளே பழுது எதுவும் இல்லை என்றால் வருமே ஓர் ஏமாற்றம், அது அவன் முகத்தில் அப்பட்டமாக நின்றது. அவள் அதைப் படித்துவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க சுத்த வெச்சப்போ, அப்பாடா, ஒருவழியா காதுல வாங்கிக்கிட்டாருன்னு நெனச்சேன். என்னையப் போல முட்டாள் உண்டா?"

"ஏய், எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் அவனைத் தாண்டி, பாட்டுப்பெட்டி அருகே நின்ற டீச்சரிடம் போனாள். பாட்டுச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"டீச்சர், அடுத்த வாரத்துலேருந்து நான் மட்டும்தான் வருவேன்."

டீச்சர் அவன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"சரிங்க அக்கா" என்றாள்.