மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டிய பெல்ட்

எங்கள் வீட்டு ஓனர் நாராயணப்பன் அண்ணனின் ஜீப்புக்கு வயது இருபதுக்கு மேல். டீசல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். பேரிகைப் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் கோஸும் பீன்ஸும் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு செம்மண் மேடு உண்டு. மழை பெய்துவிட்டால் வேறு எந்த வண்டியும் அதில் ஏறாது. அதனால்தான் அவர் அதை விற்காமல் வைத்திருந்தார்.

போன மார்கழியில் அந்த ஜீப் காலையில் கத்த ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் போதும், கிறீச்சென்று ஒரு சத்தம், ஜூஜுவாடியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்வார்கள். ஓசூர் பனிக்கு இன்ஜின் முன்னால் சுற்றுகிற பேன் பெல்ட் ஈரமானால் அப்படித்தான் கத்தும். அண்ணன் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். துணி சோப்பை எடுத்து, வண்டியை நிறுத்தி, பெல்ட்டில் சுற்றி வரத் தேய்த்துவிடுவார். இரண்டு நாள் சத்தம் இருக்காது. மூன்றாம் நாள் முன்னைவிடப் பெரிதாகக் கத்தும். திரும்பவும் சோப்பு.

நான் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிட்டராக இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பெல்ட் மாற்றுவது எனக்கு வாரத்துக்கு இரண்டு முறை வருகிற வேலை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதே எனக்குக் கஷ்டம். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. காரணம் வேறு.

அவர் வீட்டின் பின் போர்ஷனில் நாங்கள் பதினாலு வருஷமாகக் குடியிருக்கிறோம். தீபாவளி சமயத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மகன் சுரேந்தருக்கு வைகாசியில் கல்யாணம், பின் போர்ஷனை இடித்துச் சரிபண்ணி அவனுக்குத் தர வேண்டும், நிதானமாக வேறு வீடு பார் என்றார். நிதானமாக என்றுதான் சொன்னார். நான்தான் ரோஷப்பட்டுக்கொண்டு, பொங்கல் முடிந்து ஜனவரிக்குள் காலி பண்ணிவிடுகிறேன் என்று வார்த்தை கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் என் மனைவி பொற்கொடி கேட்டது ஒரே கேள்வி. மோகனப்ரியாவுக்குப் பரீட்சை எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா?

மகள் பிளஸ் டூ. மார்ச் முழுக்கப் பரீட்சை. இங்கிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். பக்கத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே வீடு பாகலூர் ரோட்டில். என் ஷிப்ட் நேரத்துக்கு பைக்கில் கொண்டுவிட முடியாது, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். படிக்கிற நேரத்தில் பாதி பஸ்ஸில் போய்விடும். ஏப்ரல் வரை இங்கேயே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு நான் போய்க் கேட்க வேண்டும். நானே கொடுத்த வார்த்தையை நானே எப்படி மாற்றிக் கேட்பது? அதிலும் ஜீப்பைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டால், வேலை செய்ததற்குக் கூலி கேட்பது போல் ஆகிவிடாதா? அந்தப் பயத்தில் ஜீப் பக்கமே போகாமல் இருந்தேன்.

ஜனவரி முதல் ஞாயிறு காலையில் கத்தலோடு படபடவென்று இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. என்னால் முடியவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே போய் பானெட்டைத் தூக்கினேன். பெல்ட்டின் உள் பக்கம் முழுக்க வெடிப்பு. ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நார் பிரிந்து, சுற்றும்போது கவரில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டு எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. அப்படி மின்னினால் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

தோட்டத்து மேட்டில் இது அறுந்தால் தண்ணி பம்பு நின்றுவிடும், இன்ஜின் கொதித்துவிடும், பேட்டரியும் சார்ஜ் ஆகாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஒரு லோடு கோஸ் எடுக்கணும் பாஸ்கரா. ஒரு தேய் தேய்ச்சா இன்னிக்கு ஓடாதா?"

"அண்ணே, சோப்பு சத்தத்தத்தான் நிறுத்தும். பெல்ட்ட ஒட்ட வைக்காது."

"சரி, நீ பெரிய இன்ஜினியரு. நீயே கழட்டு."

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் ஒரு வயரை எடுத்துவிட்டு, ஜீப் சாவியை என் சட்டைப் பாக்கெட்டில் போட்டேன். எங்கள் கம்பெனியில் மெஷினுக்குள் கை விடுகிறவன் பாக்கெட்டில்தான் சாவி இருக்க வேண்டும். வேறு யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது என்பதற்கு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி அவர் மனைவி ருக்மணி அக்காவிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு என்னிடம், "வண்டி என்னுது, சாவி உன் பாக்கெட்லயா? நல்லாருக்குது நாயம்" என்றார்.

பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி உள்ளே தள்ளினேன். பெல்ட் தொய்ந்தது. பேன் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே எடுத்தேன். நம்பர் அழிந்து போயிருந்தது. பழைய பெல்ட்டையே கையில் சுற்றிக்கொண்டு பைக்கில் அத்திப்பள்ளிக்குப் போனேன். கடைக்காரர் அதைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டி, புதியதை மேலே வைத்து அளந்து பார்த்தார். புதியது முக்கால் இன்ச் சின்னதாக இருந்தது. பழையது நீண்டுபோயிருக்கிறது, இதுதான் சரியான அளவு என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

திரும்பி வந்தால் பெல்ட் ஓடுகிற புல்லி சக்கரத்தின் பள்ளத்துக்குள் சோப்பும் தூசியும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. அதன் மேல் புது பெல்ட்டைப் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஈர்க்குச்சியும் துணியும் வைத்துச் சுரண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணனும் ஒரு பக்கம் உட்கார்ந்து சுரண்டினார். அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம். இரண்டு முறை "அண்ணே" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் அந்தத் துணியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெல்ட்டை மாட்டி, அண்ணனை மண்வெட்டிக் காம்பால் ஆல்டர்னேட்டரை வெளியே நெம்பிப் பிடிக்கச் சொல்லி போல்ட்டை இறுக்கினேன். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் அரை இன்ச் இறங்க வேண்டும். இறங்கியது. பேட்டரி வயரை மாட்டிச் சாவியைக் கொடுத்தேன். அவர் ஸ்டார்ட் பண்ணினார். வெறும் இன்ஜின் சத்தம் மட்டும்தான். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, கத்தலே காணோமே, வண்டி ஓடுகிறதா என்று கேட்டார்.

அண்ணன் லோடு எடுக்கக் கிளம்புவதற்கு முன் கம்பெனிப் பழக்கத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். என் டூல்ஸ் பையில் எப்போதும் நாலைந்து அட்டைச் சீட்டு இருக்கும். புது பெல்ட் கொஞ்சம் நீளும். ஒரு வாரத்தில் ஒரு முறை இறுக்க வேண்டும், அதை வாயால் சொன்னேன். அடுத்து மூன்று மாதத்தில் முழுதாகப் பார்க்க வேண்டும். அதை அட்டையில் எழுதி பானெட் கம்பியில் கட்டிவிட்டேன். இதெல்லாம் யோசித்துச் செய்வது இல்லை. கை தானாகச் செய்துவிடும்.

சாயந்திரம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலுக்கு வந்தார். மேட்டில் வண்டி ஜம்மென்று ஏறியது என்றார். பிறகு அட்டையை மோகனப்ரியாவிடம் நீட்டினார். அவர் படித்தது எல்லாம் கன்னடம். தமிழ் பேசுவாரே தவிர எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும்.

"உங்கப்பா என்ன எழுதியிருக்கான், கொஞ்சம் படிம்மா."

அவள் வாங்கிப் படித்தாள். "பெல்ட் மாற்றிய தேதி நாலு ஒண்ணு. அடுத்த சோதனை அஞ்சு நாலு. செய்பவர் பாஸ்கரன்."

படித்துவிட்டு அவளே அட்டையை இன்னொரு முறை பார்த்தாள்.

"ஏப்ரல் அஞ்சுக்கு நாங்க இங்க இருக்க மாட்டோமே அங்கிள்."

பொற்கொடி என்னைப் பார்க்காமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எழுந்து, தெரியாமல் எழுதிவிட்டேன், மனதில் எதையும் வைத்து எழுதவில்லை என்று உளறினேன். உண்மையும் அதுதான். அண்ணன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மகளிடம் பரீட்சை எப்போது முடிகிறது என்று கேட்டார். மார்ச் கடைசியில் என்றாள். புது வீட்டிலிருந்து எப்படி வருவாய் என்றார். இரண்டு பஸ், காலையில் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றாள். குறை சொல்கிற மாதிரி இல்லாமல், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அதற்குமேல் நான் பேசாமல் இருந்தால் அவளையே கேட்க வைத்தவன் ஆகிவிடுவேன்.

"அண்ணே, நான் கொடுத்த வார்த்தைய நானே மாத்திக் கேக்குறேன். இவ பரீட்சை முடியிற வரைக்கும் இருந்துக்கிறோம். ஏப்ரல் முதல் வாரம் காலி பண்ணிருவேன். பெல்ட் மாட்டுனதுக்காகக் கேக்கல. தீபாவளியில இருந்தே கேக்கணும்னு இருக்கேன். வாய் வரல."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பெல்ட்டுக்கு சோப்பு போடறேன்னு சொல்லிக் காட்டினே. நீ ரெண்டு மாசமா என்ன பண்ணிட்டு இருந்தே?"

அவர் அங்கேயே நின்று சுரேந்தருக்குப் போன் போட்டார். கன்னடத்தில் பேசினாலும் பதினாலு வருஷத்தில் அந்த அளவுக்கு எனக்குப் புரியும். டைல்ஸ் ஆளை ஏப்ரலில் வரச் சொல்லு என்றார். அந்தப் பக்கம் சுரேந்தர் குரலை உயர்த்தினான். கல்யாணத்துக்குள் பெயின்ட் காயாது என்று சொன்னான் போல. காயாவிட்டால் முன் ரூமில் இருந்துகொள், நானும் உன் அம்மாவும் அங்கேதான் ஆரம்பித்தோம் என்று சொல்லிப் போனை வைத்தார். என்னிடம், "அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி. அதுக்கு மேல ஒரு நாள் ஆவாது" என்றார்.

சுரேந்தர் அதன் பிறகு ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவன் கோபத்திலும் தப்பு இல்லை.

மகள் பரீட்சை எழுதி முடித்தாள். இயற்பியல் மட்டும் கொஞ்சம் கஷ்டம் என்றாள். ஏப்ரல் ஐந்தும் ஞாயிற்றுக்கிழமைதான். பீரோ, கட்டில் எல்லாம் அண்ணனின் ஜீப்பிலேயே இரண்டு நடையாக பாகலூர் ரோட்டுக்குப் போயிற்று. கடைசி நடை ஏற்றுவதற்கு முன் பானெட்டைத் தூக்கி பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். அரை இன்ச். வெடிப்பு இல்லை, மினுமினுப்பு இல்லை. புது அட்டை கொண்டுவர மறந்துவிட்டேன், டூல்ஸ் பை முதல் நடையிலேயே போய்விட்டது.

போர்ஷன் சாவியை ருக்மணி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், அண்ணன் பழைய அட்டையைக் கழற்றி அதன் பின்பக்கம் பேனாவால் எழுதி, திரும்பக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். கன்னடத்தில் இரண்டு வரி. எனக்கு எழுத்து தெரியாது. தேதி மட்டும் நம்பரில் இருந்தது. அஞ்சு ஏழு.

"நீ அவ்ளோ தூரம் வராதே, போன் பண்ணு. நானே வண்டிய எடுத்துட்டு அங்க வர்றேன்" என்று சொல்லி பானெட்டை மூடினார்.