ஓடுகிறவனை எடு

யுத்த காலம். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கா நாற்பத்தைந்தா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. சவிரிமுத்துவுக்குப் பதினைந்து வயது என்பதும் என் கணக்குத்தான். தாஸிம் வெள்ளைக்காரரிடம் பதினெட்டு என்று சொல்லியிருந்தார்.

கொழும்பை ஒட்டிய கொலன்னாவைப் பக்கம் அமெரிக்கப் படையின் களஞ்சியம் ஒன்று இருந்தது. தாஸிம் அங்கே கிளாக்கர். களஞ்சியத்துக்கு ஒரு பேஸ்போல் அணி. ஆட்கள் பர்மாவுக்குப் போகப்போக, வெளியாரைச் சம்பளத்துக்குச் சேர்த்தார்கள். புத்தாண்டில் ஊரார் ஆடும் எல்லே என்ற மட்டைப்பந்தாட்டத்தில் சவிரியின் எறியைப் பார்த்திருந்த தாஸிம், கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டார்.

"விளையாடச் சம்பளமோ? ஆரடா உன்னைப் பேய்க்காட்டினது?" என்றாள் தாய் மாக்ரெட்.

ஞாயிறு ஆட்டத்தில் அணியை நடத்தும் சார்ஜன்டுக்கு அவனைப் பிடிக்காவிட்டால், திங்கள் காலை தெமட்டகொடை ரெயில் யார்ட்டில் கரி அள்ளப் போகவேண்டும். மாமன் அங்கே சொல்லிவைத்துவிட்டார்.

ஆட்டத்துக்கு முன் சார்ஜன்ட் இங்கிலீசில் நீளமாக ஏதோ விளக்கினார். தாஸிம் அதைத் தமிழில் சுருக்கினார்.

"பந்து ஒனக்கிட்ட வந்தா ஓடுறவன எடுக்கணும், மகன். அவ்வளவுதான்."

"அது தெரியும் நானா," என்றான் சவிரி. தாஸிமை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

தெரியும்தான். எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் அடித்தால் அவன் அவுட். பேஸ்போலில், அவன் போய்ச்சேரும் மூலையில் நிற்கும் தன் ஆளின் கைக்கு எறியவேண்டும். அதை யாரும் சவிரிக்குச் சொல்லவில்லை.

கடைசிச் சுற்றுவரை பந்து அவன் பக்கம் வரவில்லை. வந்தபோது ஒரே கையால் அள்ளினான். எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாம் மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். சவிரி முதுகைப் பார்த்து எறிந்தான். ஆள் குப்புற விழுந்தான். சவிரி கையை உயர்த்திக்கொண்டு நின்றான். ஒருவரும் கைதட்டவில்லை. பந்து வேலிவரை உருண்டது. விழுந்தவன் எழுந்து, முதுகைப் பிடித்தபடி நொண்டி நொண்டிக் கடைசி மூலையையும் தொட்டான். ஆட்டம் போய்விட்டது.

"மனுசனுக்கா எறிவாங்க?" என்று ஓடிவந்தார் தாஸிம்.

"நீங்கள்தானே எடுக்கச் சொன்னனீங்கள்."

சார்ஜன்ட் வந்து தாஸிமிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"என்னவாம் நானா?"

தாஸிம் சொன்னார்: "நல்ல கையாம்."

"நாளைக்கு வரட்டாமோ?"

"வேணாமாம்."

தான் சுருக்கிச் சொன்னதைத் தாஸிம் சார்ஜன்டிடம் கடைசிவரை சொல்லவில்லை.

சவிரி ரெயில் யார்ட்டில் முப்பத்தொரு வருடம் வேலைசெய்து பென்சன் எடுத்தான். தாஸிம் யுத்தம் முடிந்ததும் வெள்ளவத்தையில் புடவைக்கடை போட்டார். மாக்ரெட் ஐம்பத்தோராம் ஆண்டில் நெஞ்சு நோயால் இறந்தாள். அடிபட்டவன் அடுத்த ஞாயிறே விளையாடினான். சார்ஜன்ட் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது.