அத்தா அடைத்த கேஸ்

மதியச் சோற்றுக்கு அம்மா உள்ளே வரவில்லை என்றதும் அவள் எங்கே இருப்பாள் என்று தஹ்மீனாவுக்குத் தெரிந்துவிட்டது. விறுவிறுவென்று கார் கொட்டகைக்குப் போனாள். பழைய அம்பாசடரின் பின் சீட்டில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கமருன்னிஸா. வெளியே சித்திரை வெயில் கூத்தாநல்லூரை வறுத்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்த அடுப்புக்குள்ள என்ன பண்றே? இறங்கு."

"மெதுவா பேசு புள்ள. உங்க அத்தா இப்பதான் கண்ண மூடுனாரு."

அத்தா சித்தீக் அரபு நாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வேலை செய்த மாடியிலிருந்து விழுந்து இறந்தார். மையத்தை ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே அடக்கிவிட்டார்கள். ஊருக்குப் போன் மட்டும்தான் வந்தது. புருஷன் இறந்தால் வெள்ளை உடுத்தி, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இத்தா இருக்க வேண்டும். செத்த முகத்தைப் பார்க்காத மௌத்துக்கு இத்தா இருக்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். வண்ணச் சேலையோடு காருக்குள் போய் உட்கார்ந்தவள்தான். கடைசி லீவில் அதற்கு ஏசி பூட்டி, தம்மாமிலிருந்து கொண்டுவந்த கேஸை அடைத்தவர் அத்தா. இன்ஜின் ஓடாமலே அந்தக் குளிர் வருகிறதாம். அவர் மூச்சாம்.

தஹ்மீனா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, பி.எஸ்சி. இயற்பியல். காலேஜ் போனால் எவன் கட்டுவான் என்று போனில் கத்திய மனுஷன், செத்த பிறகும் வீட்டை ஆட்டிவைக்கிறாரே என்று அவளுக்குப் பற்றி எரிந்தது. அம்மாவுக்குத் தோள் எலும்பு துருத்திவிட்டது. இப்படியே விட்டால் அவளையும் இந்தக் காரிலிருந்துதான் தூக்கிப் போக வேண்டியிருக்கும். பழைய கேஸைத் துரத்திப் புதுசை அடைத்துவிட்டால் அம்மா வீட்டுக்குள் வந்துவிடுவாள் என்று முடிவுகட்டினாள்.

திருவாரூரில் கடை வைத்திருந்த மீரா உசேன், அத்தாவோடு தம்மாமில் இருந்தவர்.

"பழைய பன்னெண்டாம் நம்பர் கேஸ் இப்ப வர்றதில்லம்மா. நூத்தி முப்பத்தி நாலுக்கு மாத்தணும். ஆயிலு, வாஷரு, டிரையர் பாட்டிலு எல்லாம் புதுசு. அந்தக் கட்டைவண்டிய தள்ளிவிடேன்? புதுக் காரெல்லாம் கம்பெனியிலயே ஏசியோட வருது."

"சாமான குடுங்க மாமா. நானே மாத்திக்குவேன்."

"டிகிரி வாங்குனது பத்தாதுன்னு கிரீஸ் வேறயா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஓடிப்போயிடுவான்."

"ஓடட்டும். வேர்க்க வேர்க்க ஓடட்டும்."

அத்தாவின் இரும்புப் பெட்டியில் கேஸின் அழுத்தம் காட்டும் கேஜும் வேக்கம் பம்பும் இருந்தன. பானெட்டைத் தூக்கி, பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கேஜை மாட்டினாள். அம்மா பின் சீட்டில்தான் இருந்தாள். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தாள். பூஜ்யம். குழாயைத் தளர்த்தியபோது உஸ்ஸென்று ஒரு சத்தம்கூட வரவில்லை. கேஸ் எப்போதோ கசிந்து காலியாகிவிட்டது.

"அம்மா! உள்ள ஒண்ணுமே இல்ல, வந்து பாரு!" என்று கதவைத் திறந்தவள் கையை உதறினாள். கைப்பிடி ஐஸாகக் கடித்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் முத்து முத்தாகப் பனித்து, தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கதவ சாத்து புள்ள," என்றாள் அம்மா. "குளிரு போயிடும்."

தஹ்மீனா சாத்தினாள். பேட்டரி தரையில் கிடக்க இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பழைய ஆயிலை வடித்து, வாஷர்களைப் பிய்த்தெறிந்து, பாட்டிலை மாற்றி, குழாய்களில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சினாள். கடைசியாக, பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் புதுக் கேஸை அடைத்தாள். கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்தது. ஜிலுஜிலுவென்று காற்று வந்தது.

அம்மா உள்ளங்கையை அதற்கு நேராகப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"நல்லாத்தான் குளிருது. இது வெறுங்காத்து." முந்தானையை உதறிக்கொண்டு இறங்கினாள். "அவரு இதுல இல்ல."

அன்று அவள் தட்டு நிறையச் சோறு தின்றாள். பிறகு வெள்ளைச் சேலை கேட்டாள். இத்தா இருக்கப் போகிறாளாம். சொந்தக்காரப் பெண்கள் வந்து மூக்கைச் சிந்தி, "படிச்ச புள்ள சாதிச்சிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டதாகத்தான் தஹ்மீனாவும் நினைத்தாள்.

மறுநாள் மதியம் சோற்றோடு அம்மாவின் அறைக்குப் போனாள். கதவு உள்தாழ் போட்டிருந்தது. கரண்ட் இல்லை, வீடே புழுங்கியது. ஆனால் கதவிடுக்கு வழியே வந்த ஏதோ ஒன்று அவள் கால்விரல்களைச் சில்லென்று நக்கியது. உள்ளே அம்மா தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. எதற்கோ பதில் கேட்டவள்போல் சிரித்தாள்.

"அம்மா! கதவத் தொற! யாரு உள்ள?"

தட்டிலிருந்த ஆவி அடங்கி, பித்தளை விளிம்பு விரலில் சில்லிட்டது.

"சோத்த எடுத்துட்டுப் போ புள்ள, பசிக்கல," என்றாள் கமருன்னிஸா உள்ளேயிருந்து, நிதானமாக. "எதுக்குக் கத்துறே? வெளி ஆம்பள யாருமில்ல."