கையால் பொத்திக் கிளப்பும் வண்டி

தோல்காரனின் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். அவன் கிக்கரை உதைக்க வேண்டும். அவன் மனைவி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கார்பரேட்டர் காற்றிழுக்கும் வாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். காற்றை அடைத்தால்தான் அது பெட்ரோலை இழுக்கும். எஞ்சின் இரண்டு தடவை இருமும் வரை பொத்தி, மூன்றாவதில் கையை எடுக்க வேண்டும். முந்தினால் அணைந்துவிடும். பிந்தினால் பிளக் நனைந்துவிடும். எதுவானாலும் அடி அவளுக்குத்தான்.

வாங்கும்போதே கிழட்டு வண்டி. காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் ஏர் பில்டர் பெட்டி உடைந்து விழுந்த பிறகு அதற்கு அவனே வைத்தியனானான். பால்பவுடர் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அடைத்துக் கட்டினான். அது அதிர்ந்து அதிர்ந்து கழன்றது. பிறகு தண்ணீர் பாட்டிலை அறுத்துச் சைக்கிள் டியூபால் சுற்றினான். அது சூட்டில் இளகிக் குழைந்தது. கடைசியில் தன் பழைய நைலான் சாக்ஸை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டான்.

"அண்ணே, சாக்ஸை மூக்குல மாட்டியிருக்கீங்களே, வண்டிக்குச் சளியா?" என்று கேட்டான் தெருமுனை சைக்கிள் கடைக்காரன். அன்றைக்கு அவன் உதடு கிழிந்தது. அதோடு தெருவில் யாரும் அந்த வண்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இன்று காலை எட்டரை மணிக்குத் தோல்காரன் வாசலுக்கு வந்தபோது, அவன் இடுப்பில் தோல் சீவும் கத்தி இருந்தது. சாக்குத் துணியில் சுற்றியிருந்தான்.

முந்தின நாள் மனைவியின் தம்பி வந்திருந்தான். மரம் அறுக்கும் மில்லில் லாரி ஓட்டுகிறவன். அக்காவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தான். நேராகப் போய் மச்சானின் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து, எல்லோரும் பார்க்க வாயில் ஒரு குத்து விட்டான். ஒரு பல் மண்ணில் விழுந்தது.

"காலையில ஒன்பது மணிக்கு லோடு எடுத்துட்டுக் கிளம்புறேன்க்கா. திரும்ப ஒரு மாசம் ஆகும். என்கூட வந்துடு" என்றான் போகும்போது.

தோல்காரன் உள்ளே வாய் கொப்பளித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தான். எப்போதும் திட்டுகிறவன் அன்று ராத்திரி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"வாடி, வந்து பொத்து" என்றான் இப்போது.

"எங்க போறீங்க?"

"உன் தம்பிய வழியனுப்ப."

மில் மூன்று மைல். வண்டியில் பத்து நிமிடம். ஒன்பது வரைக்கும் இந்த வண்டி கிளம்பக் கூடாது. அவள் உட்கார்ந்தாள், சாக்ஸைக் கழற்றினாள், உள்ளங்கையை அழுத்தினாள்.

அவன் உதைத்தான். கை உள்ளே இழுபட்டது. ஒரு இருமல். இரண்டு இருமல். மூன்றாவது வந்தபோது அவள் கையை எடுக்கவில்லை. வண்டி விக்கி அடங்கியது.

"எருமை! எத்தனை வருஷமா பொத்துற?" பிடரியில் ஓர் அறை விழுந்தது. அவன் ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்து, ஊதி, வெயிலில் காட்டி, மறுபடி மாட்டினான். ஏழு நிமிடம் போயிற்று.

இரண்டாவது தடவையும் அப்படியே செய்தாள். இந்தத் தடவை அவன் பிளக்கைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். கத்தியை உருவி அவள் காதுக்குக் கீழே வைத்தான்.

"வேணும்னே பண்றியா?"

"இல்லைங்க. கை வழுக்குது."

"இன்னொரு தடவை வழுக்கட்டும், காது கையில வரும்."

கத்தி பட்ட இடத்தில் ஈரமாக ஒன்று கழுத்துக்குள் இறங்கியது. அவன் மறுபடி பிளக்கைத் துடைத்தான். இனி அதிகம் பொத்தினால் தெரிந்துவிடும். விரலிடுக்கில் நூலளவு காற்றை உள்ளே விட்டாள். வண்டி இரும ஆரம்பித்து, பட்டென்று கார்பரேட்டர் வழியாகவே நெருப்பைத் துப்பியது. உள்ளங்கை கருகிய வாடை அவள் மூக்குக்கே வந்தது. கத்துவதற்குள் அவன் கால் அவள் விலாவில் இறங்கியது. சுவரோரமாகச் சுருண்டாள்.

"அம்மா! நீ வா. இவ உனக்கு மருமக இல்ல, எனக்கு எமன்."

மாமியார் வெளியே வந்தாள். மகன் கைநீட்டும்போதெல்லாம் அடுப்பங்கரையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பவள் அவள். முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்து, "எதைடா பொத்தணும்?" என்றாள்.

"அந்த ஓட்டையை!"

பொத்தினாள். அவன் உதைத்தான். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க உறுமல். மருமகளுக்கு உயிரே போனது. ஆனால் மாமியாருக்கு எப்போது கையை எடுப்பது என்று தெரியாது. சத்தத்தில் வெலவெலத்து இன்னும் அழுத்திப் பிடித்தாள். வண்டி திணறி அணைந்தது.

"சனியனே!" என்று பெற்றவளின் தலையில் முஷ்டியால் ஒரு குத்து விட்டான். மாமியார் பக்கவாட்டில் சாய்ந்து, நெற்றி கல்லில் மோதியது. எழுந்து உட்கார்ந்து மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் அதுவரை மாமியார் முகத்தில் கண்டதில்லை.

"யாரும் வேணாம். நானே கிளப்புறேன்."

கத்தியைச் சீட்டில் வைத்துவிட்டு, வண்டி மேல் ஏறி நின்று இடப்பக்கம் குனிந்து, இடது கையால் வாயைப் பொத்தியபடி வலது காலால் உதைத்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது உதையில் ஸ்டாண்டு மடங்கியது. வண்டி அவனோடு சேர்ந்து சரிந்தது. இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. டாங்கி மூடியிலிருந்து பெட்ரோல் கொட்டி அவன் சட்டையை நனைத்தது.

"தூக்குங்கடி!"

யாரும் நகரவில்லை.

"காதுல விழலையா? தூக்குடி!" கையை வீசி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவள் விழுந்தாள். சீட்டிலிருந்து விழுந்த கத்தி அவன் கைக்கு எட்டிவிட்டது. முதல் வீச்சு புடவையைக் கிழித்தது. இரண்டாவது கெண்டைக்காலைக் கிழித்தது. அவள் கைக்கு அகப்பட்டது பிளக் ஸ்பானர். கத்தி பிடித்த மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். அவன் விடவில்லை. மறுபடி அடித்தாள். விறகு முறிவதுபோல் ஒரு சத்தம். கத்தி விழுந்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. அவளுக்கும் அது தெரியும். அடித்தாள்.

அவன் குழந்தை மாதிரி வீறிட்டான். மாமியார் நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி வந்து கத்தியைக் காலால் சாக்கடைக்குள் தள்ளினாள்.

"நீ போ" என்றாள்.

"அத்தை, இவரு..."

"வண்டியைத் தூக்க நாலு ஆம்பளைங்களக் கூப்பிடப் போறேன். எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் நடப்பேன்."

"அம்மா!" என்று கத்தினான் தோல்காரன்.

"வரேன்டா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

மருமகள் முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டு மில்லை நோக்கி நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மணி கேட்க வாய் வரவில்லை. தம்பி போயிருப்பான், போயிருக்க வேண்டும் என்று ஓர் அடி. இருக்கக் கூடாதா என்று அடுத்த அடி. மூன்று மைலும் அப்படியே போயிற்று.

மில் வாசலில் காவல்காரர் எழுந்து நின்றார். "யாரும்மா? என்ன கோலம் இது?"

"லாரி டிரைவரோட அக்கா. வண்டி போயிடுச்சுங்களா?"

"நீதானா அது? ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டியவன். அக்கா வந்தாலும் வரும்னு ஒன்பதே முக்கால் வரைக்கும் நின்னான். முதலாளி கிட்ட வண்டி வண்டியா வாங்கிக் கட்டிக்கிட்டான். இப்பத்தான் போறான், பத்து நிமிஷம் ஆகல."

ஒன்பதே முக்கால். ஒன்பது மணியோடு தம்பி தப்பித்துவிட்டான் என்றல்லவா நினைத்திருந்தாள்! ஒன்பதரைக்கு அந்த வண்டி கிளம்பியிருந்தாலும் கத்தி அவனைத் தேடி வந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அறிவு கெட்ட பய" என்றாள். "ஒன்பதுன்னா ஒன்பதுக்குப் போகணும். எதுக்கு நிக்கணும்?"

"உனக்காகத்தானேம்மா நின்னான், அவனப் போய்த் திட்டுற?"

"திட்டாம? வரட்டும், இன்னும் இருக்கு அவனுக்கு" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது.

காவல்காரர் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். வெந்த கையால் வாங்க முடியவில்லை. இடக்கையால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"அவன் போன பக்கமா வேற லாரி எதாவது போகுங்களா?"

"பதினோரு மணிக்கு ஒண்ணு. மரத்தூள் லோடு. மேல உட்கார்ந்துதான் போகணும், கண்ணு மூக்கெல்லாம் தூள் ஏறும்."

"ஏறட்டும்" என்று சொல்லி, வாசலில் கிடந்த மரத்துண்டின் மேல் உட்கார்ந்தாள்.